பயிற்சியா? பகற்கொள்ளையா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த மறுநாளே, ஊர்தோறும் பேருந்து நிலையச் சுவர்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. மருத்துவ உதவியாளர் பயிற்சி! ஆறே திங்களில் சான்றிதழ்! நூற்றுக்கு நூறு வேலை உறுதி! இந்த மூன்று வாசகங்களைத் தாங்காத சுவர் உண்டா? வெள்ளை அங்கி அணிந்து புன்னகை புரியும் நங்கையின் படமும் அதிலே உண்டு. அப்படத்தைக் கண்டு நிற்பவர் யார்? மாளிகைவாசிகள் அல்லர். கரும்பு வெட்டும் கையினர். செங்கல் சூளையிலே வெந்து கருகும் மேனியினர். தறி ஓட்டித் தேய்ந்த விரலினர். மருத்துவக் கல்லூரியின் வாயில் தம் மகளுக்குத் திறக்கவில்லை. மருத்துவருக்குப் பக்கத்திலே நின்று பணியாற்றும் பேறாவது கிட்டட்டுமே என்று ஏங்கும் பெற்றோர்!

அந்த ஏக்கத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள், தோழர்களே! தாயின் காதிலே கிடக்கும் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது, கட்டணம் கட்டப்படுகிறது. மாடி அறை ஒன்றிலே, எலும்புக்கூட்டுப் படம் ஒன்று தொங்க, ஊசி குத்திப் பார்க்க நோயாளி எவரும் இல்லாமலேயே ஆறு திங்கள் கழிகிறது. பொன்னிற எழுத்திலே அச்சிட்ட சான்றிதழும் கைக்கு வருகிறது. அதை ஏந்திக்கொண்டு பெரிய மருத்துவமனையின் படியேறினால், "எந்தக் கவுன்சிலில் பதிவு?" என்ற ஒரு கேள்வியிலே அந்தப் பொன்னெழுத்து பித்தளையாகிவிடுகிறது. பின்னர் அந்த மங்கைக்குக் கிடைப்பது, பன்னிரண்டு மணி நேர வேலையும், வீட்டு வாடகைக்கும் எட்டாத ஊதியமும், "நீ என்ன நர்சா?" என்ற ஏளனமும்!

இந்த ஞாயிற்றுக்கிழமையிலே பேச வேறு பொருள் இல்லையா என்று சிலர் கேட்கலாம். ஆட்சி, அதிகாரம், தேர்தல், கூட்டணி எல்லாம் இருக்க, உதவியாளர் பயிற்சி ஒரு பொருளா என்பர். ஒரு நாட்டின் அரசியல் சட்டமன்றத்திலே மட்டும் நடைபெறுவதில்லை. ஏழையின் உடலிலே ஊசி ஏற்றும் கை எத்தகைய கை, அந்தக் கைக்கு யார் கல்வி தந்தார், எவ்வளவு கூலி தந்தார் என்பதும் அரசியலே. அதனால்தான் இதனை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், அந்தப் பணி எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம்.

மருத்துவர் நோயாளியோடு இருப்பது சில நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் நோயாளி இருப்பது உதவியாளரின் கையிலே. உடல் வெப்பம் பார்த்தல், நாடித்துடிப்பை எண்ணுதல், இரத்த அழுத்தம் அளத்தல், எடை குறித்தல், இரத்தம் எடுத்தல், அதனை அடைத்த குழாயிலே பெயர் எழுதுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், கருவிகளைக் கிருமி நீக்குதல், மருந்து கொடுத்த நேரத்தைப் பதிதல், அடுத்து வர வேண்டிய நாளை நோயாளிக்கு விளங்கச் சொல்லுதல் என அடுக்கடுக்கான கடமைகள். உலகத் தொழிலாளர் அமைப்பு 2008இல் வகுத்த தொழில் வகைப்பாட்டிலே, மருத்துவ உதவியாளருக்கு 3256 என்று தனியே ஓர் எண்ணே கொடுத்திருக்கிறார்கள். மருத்துவரின் நேரடி மேற்பார்வையிலே சிகிச்சைப் பணியும் அலுவலகப் பணியும் ஆற்றுவோர் என்பது அதன் பொருள்.

"இதற்கெல்லாம் பெரிய படிப்பு எதற்கு? நாலு நாள் பார்த்தால் வந்துவிடாதா?" என்பவர்க்கு ஒரே ஒரு கணக்குச் சொல்வோம். நீரிழிவு நோயாளிக்கு ஏற்றும் இன்சுலின் நம் நாட்டிலே பெரும்பாலும் இரு வலிமையில் விற்கிறது. புட்டியில் வருவதிலே பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு. பேனாக் குழலில் வருவதிலே ஒரு மில்லி லிட்டருக்கு 100 அலகு. 40 அலகு மருந்துக்கென அமைந்த ஊசிக்குழலிலே, 100 அலகு மருந்தை, 20 என்ற கோடு வரை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே போவது 20 அலகு அன்று, 50 அலகு! இரண்டரை மடங்கு. இரத்தத்திலே சர்க்கரை சரிந்து, வியர்த்து, நினைவிழந்து, உயிரே போகவும் கூடும். இக்கொடுமை நிகழக் காரணம் கெட்ட எண்ணமா? இல்லை. ஊசிக்குழலின் மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் புட்டியின் மேல் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார் என்று யாரும் கற்பிக்காத குறை!

இன்னும் ஒன்று. மருத்துவக் கழிவுகளைப் பிரிப்பதற்கு 2016ஆம் ஆண்டு மைய அரசு விதி செய்தது. இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பைக்கு. குழாய் முதலிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பைக்கு. ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைக் கலத்துக்கு. கண்ணாடிப் பொருள்கள் நீல அடையாளமிட்ட கலத்துக்கு. நான்கே நிறம், நான்கு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லாமல் விட்டால், வெள்ளைக் கலத்துக்குப் போக வேண்டிய ஊசி மஞ்சள் பைக்குள் ஒளிந்துகொண்டு, விடியற்காலையிலே அப்பையைத் தூக்க வரும் துப்புரவுத் தொழிலாளியின் உள்ளங்கையிலே பாய்கிறது. மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் அந்த ஊசிமுனையிலே பயணம் செய்ய வல்லவை. உதவியாளருக்குப் பயிற்சி மறுக்கப்பட்டால் தண்டனை பெறுபவர் இன்னொரு ஏழை!

ஆகவே இது கைப்பழக்கத் தொழில் மட்டுமன்று. கற்றறிய வேண்டிய தொழில். இதிலே ஐயம் வேண்டா.

பெயரிலே உள்ள மயக்கத்தையும் இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். 'மருத்துவ உதவியாளர்' என்ற ஒரே போர்வையின் கீழ் இரு வேறு தொழில்களை நுழைக்கிறார்கள் வணிகர்கள். ஒன்று, மேலே சொன்ன பணி. மற்றொன்று, ஆங்கிலத்திலே பிசிஷியன் அசிஸ்டெண்ட் என வழங்கும் பட்டப்படிப்பு. இது 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலே, டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பாரின் முயற்சியால், கடற்படையிலே மருத்துவப் பணி புரிந்து திரும்பிய நால்வரை மாணவராகக் கொண்டு தொடங்கியது. நம் நாட்டிலே அது கால் ஊன்றியது 1992இல். சென்னையிலே, இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் அவர்களின் முயற்சியால். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக அது நடைபெறுகிறது. நான்காண்டுப் பட்டத்தின் பெயரை ஆறு திங்கள் வகுப்புக்குச் சூட்டி, பட்டத்துக்குரிய மதிப்பைக் காட்டிப் பணம் பறிப்பது, பித்தளைக்குப் பொன்முலாம் பூசி விற்பதற்கு ஒப்பாகாதா?

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். இந்தத் துறையிலே நம்மவர் பட்ட பாடு இன்று நேற்றையதன்று.

1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், சென்னையிலே மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. இன்று சென்னை மருத்துவக் கல்லூரி என ஓங்கி நிற்பதன் விதை அதுவே. அங்கே முதலில் யாரை உருவாக்கினார்கள்? மருத்துவரை அல்ல, உதவியாளரை! வெள்ளையருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் 'அப்பாத்திகரி' என்ற பதவி; நம்மவருக்கு 'டிரெஸ்ஸர்', அதாவது புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்ற பதவி. படைக்கும் அரசுக்கும் கை வேண்டியிருந்தது. அந்தக் கைக்குரிய மூளைக்கு அவர்கள் அளவு வைத்தார்கள். தோலின் நிறம் பார்த்துப் படிக்கட்டு அமைத்தார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து டிரெஸ்ஸரும் அரசின் மருத்துவமனையிலே, நோயாளியின் கட்டிலருகே நின்று, கண்ணால் கண்டு, கையால் செய்து கற்றார். படத்தைப் பார்த்துக் கற்றாரல்லர்!

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1847இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848 முதல் தமிழ் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றுவித்தார். மானிப்பாயிலே மருத்துவமனை, அதுவே பள்ளியும் ஆயிற்று. 1860களிலே அவர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார்: இனித் தமிழிலேயே கற்பிப்பது! மனித உடற்கூற்று நூல், மகப்பேற்று மருத்துவ நூல், அறுவை மருத்துவ நூல் எனத் தாமும் தம் மாணாக்கருமாக மொழிபெயர்த்து அச்சேற்றினார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டவர். தமிழிலே மருத்துவப் பயிற்சி தர இயலாது என்று இன்றும் உதட்டைப் பிதுக்கும் அறிஞர் பெருமக்கள், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அயல்நாட்டார் ஒருவர் செய்து காட்டிய செயலை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக!

பின்னர் வந்தது எல்.எம்.பி. காலம். பட்டம் பெறாமல் உரிமம் பெற்ற மருத்துவர்கள். பட்டப் படிப்பைவிடக் குறுகிய கால, செலவு குறைந்த படிப்பு. சென்னை இராயபுரத்திலே நடந்த பள்ளி இத்தகையோரை உருவாக்கிற்று. அதுவே 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாயிற்று. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் குழு எண்ணிப் பார்த்தபோது, இந்தியா முழுவதும் பதிவு பெற்ற மருத்துவர் ஏறத்தாழ 47,500. அவருள் ஏறத்தாழ 30,000 பேர் உரிமம் மட்டும் பெற்றவர். செவிலியரோ நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 பேர்! 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற அவலம்.

அக்குழு, மருத்துவருள் மேல்-கீழ் வேண்டா. ஒரே தரம், ஒரே பட்டம் போதும் என்றது. உறுப்பினருள் சிலர், கிராமங்களுக்கு ஆள் கிடைக்காதே என்று மாறுபட்டு எழுதினர். பெரும்பான்மையின் கருத்தே நின்றது. ஏழைக்கு ஒரு தரம், செல்வனுக்கு ஒரு தரம் என மருத்துவர் இருத்தலாகாது என்ற அந்தக் கொள்கை நல்ல கொள்கையே. ஆனால் அந்தக் கொள்கை நிறைவேற, மருத்துவரைச் சுற்றி நிற்கும் பணியாளர் படை ஒன்று முறையாகப் பயிற்றப்பட்டிருக்க வேண்டும். 1947இல் செவிலியருக்கு ஒரு சட்டம் வந்தது. 1948இல் மருந்தாளுநருக்கு ஒரு சட்டம் வந்தது. பதிவேடு வந்தது, பாடத்திட்டம் வந்தது, தேர்வு வந்தது. ஏனையோர் என்ன ஆனார்? சோதனைச்சாலையிலே குழாயைக் குலுக்குபவர், எக்ஸ்ரே எந்திரத்தின் அருகே நிற்பவர், அறுவை அரங்கிலே கருவி எடுத்துக் கொடுப்பவர், டயாலிசிஸ் செய்பவர்: இவர்கள் அனைவரும் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படாமலே எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனர்!

2021 மார்ச்சுத் திங்களிலே நாடாளுமன்றம் துயில் கலைந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறிற்று. பத்து வகைகளாகத் தொழில்களைப் பிரித்து, மாநிலந்தோறும் ஒரு கவுன்சில் அமைக்க வேண்டும், பதிவேடு தொடங்க வேண்டும் என்றது. அச்சட்டத்திலே உங்கள் நெஞ்சில் பதிய வேண்டிய எண் ஒன்று உண்டு: 2,000. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளிலே, 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் கற்றுப் பட்டயமோ பட்டமோ பெற்றவரே துணை மருத்துவத் தொழிலர் என்பது அதன் வரையறை. அதற்கும் மேற்பட்ட தரத்துக்கு 3,600 மணி நேரம்.

இப்போது சுவரொட்டிக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு மூன்று மணி நேர வகுப்பு. வாரத்துக்கு ஆறு நாள். ஆறு திங்களுக்கு இருபத்தாறு வாரம். ஒரு நாள்கூட விடுமுறை இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் 468 மணி நேரம்! சட்டம் கேட்பதிலே கால் பங்கும் இல்லை. குறுகிய காலப் பயிற்சியே கூடாது என்பதன்று நம் வாதம். படுக்கையிலே கிடப்பாரைத் தூக்கி அமர்த்தவும், உணவூட்டவும், உடல் துடைக்கவும் குறுகிய காலப் பயிற்சி பயனுள்ளதே. அதனை அப்பெயராலேயே அழைத்து நேர்மையாக நடத்துவோரும் உளர். சில நூறு மணிக் கல்வியைத் தந்துவிட்டு, ஈராயிரம் மணிக் கல்வியின் வேலையும் ஊதியமும் கிடைக்கும் என ஆசை காட்டுவதையே கண்டிக்கிறோம்.

சட்டம் வந்துவிட்டதே, இனிக் கவலை ஏன் என்பீர்கள். ஆறு திங்களுக்குள் மாநிலக் கவுன்சில்கள் அமைய வேண்டும் என்றது சட்டம். மூன்றாண்டுகள் ஓடின. 2024 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபருக்குள் செயற்படுத்துங்கள் என்று மைய, மாநில அரசுகளுக்குக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று! தாளிலே எழுதிய சட்டத்துக்கும் தரையிலே நடக்கும் வணிகத்துக்கும் இடையே உள்ள இந்தக் காலக் குழியிலேதான், சான்றிதழ் வணிகர் கடை விரித்திருக்கிறார்கள்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே இந்தக் கேடு இல்லையோ என எண்ண வேண்டா. அங்கே மருத்துவ உதவியாளர் சங்கம் 1956இல் அமைப்பாயிற்று. 1963 முதல் தேர்வு வைத்துச் சான்று அளிக்கத் தொடங்கிற்று. அங்கீகாரம் பெற்ற பயிற்சியிலே, பட்டறைப் பாடத்தோடு குறைந்தது 160 மணி நேரம் நேரடியாக மருத்துவரின் இடத்திலே பணி பழக வேண்டும். தேர்விலே 200 கேள்விகள். வென்றவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தொடர்ந்து கற்க வேண்டும். கற்றது ஒரு நாளோடு முடிவதன்று என்ற நல்ல நெறி இது; நாமும் கொள்ளத் தக்கது.

ஆனால் அதே நாட்டிலேதான் கொரிந்தியன் கல்லூரிகள் என்ற நிறுவனம், இலாபத்துக்காகவே கல்லூரிகளை நடத்திற்று. மருத்துவ உதவியாளர் பயிற்சி அதன் முக்கியச் சரக்குகளுள் ஒன்று. வேலை கிடைக்கும் விகிதத்தை ஊதிக் காட்டி, ஏழைகளையும், தனித்து வாழும் தாய்மாரையும் கடன் வாங்கச் செய்து சேர்த்தது. 2015 ஏப்ரலிலே ஒரே நாளில் எஞ்சிய கதவுகளையும் சாத்திற்று. ஏறத்தாழ 16,000 மாணவர் நடுத்தெருவிலே நின்றனர். 2022 ஜூனிலே அமெரிக்க அரசு, அந்நிறுவனத்திலே பயின்ற 5,60,000 பேருடைய கல்விக் கடன் 580 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. உலகின் பெரும் பணக்கார அரசே, ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனின் கடனைத் தானே சுமக்க நேர்ந்தது. நம் ஊர்க் கூலித் தொழிலாளியின் அடகுச் சீட்டை யார் தள்ளுபடி செய்வார்? வரும் முன் காப்பதைத் தவிர நமக்கு வழி ஏது?

இங்கே எதிர்வாதங்கள் சிலவற்றை எடுத்து நோக்குவது கடமையாகும்.

"கண்டிப்புக் காட்டினால் இன்று பணியிலே இருக்கும் ஆயிரமாயிரம் பெண்கள் தெருவுக்கு வந்துவிடுவார்களே, சிற்றூர் மருத்துவமனைகள் மூடப்படுமே" என்பது ஒன்று. இது புறந்தள்ளத் தக்க வாதமன்று. உண்மையான அக்கறை உடையது. பத்தாண்டு, பதினைந்தாண்டு கட்டிலருகே நின்று கற்ற பெண்ணின் அறிவு, சான்றிதழ் இல்லை என்பதாலேயே குப்பையாகிவிடாது. இதற்கு வழி நம் சட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. 1948இல் மருந்தாளுநர் சட்டம் வந்தபோது, படிப்பில்லாமல் அனுபவத்தால் தேர்ந்த கம்பவுண்டர்களை அச்சட்டம் விரட்டியடிக்கவில்லை. முதற் பதிவேட்டிலே அவர்களுக்கும் இடம் தந்தது. இன்றைய உதவியாளருக்கும் அவ்வாறே அனுபவத்தை மதித்து, குறைவுள்ள பாடத்தை மாலை வகுப்பிலே நிரப்பி, தமிழிலே தேர்வு வைத்துப் பதிவு செய்யலாம். புதிதாய் வருவோர்க்குக் கண்டிப்பு; பழையோர்க்குப் பாலம். இரண்டும் சேர்ந்ததே நீதி.

"பயிற்சி கொடுத்தால் இவர்களே நாளைக்கு டாக்டர் என்று பலகை மாட்டிக்கொள்வார்கள்" என்பது மருத்துவருள் சிலர் கூறும் அச்சம். பதிவு பெறாதவர் மருத்துவம் பார்ப்பதற்கு, 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையும், 5 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதித்திருக்கிறது. அது இருக்கட்டும். போலி மருத்துவர் எங்கிருந்து பிறக்கிறார்? எது செய்யலாம், எது செய்யலாகாது என்ற எல்லைக்கோட்டைச் சொல்லித் தராத இடத்திலிருந்து பிறக்கிறார். நல்ல பயிற்சியின் முதற் பாடமே, "இதற்கு மேல் நான் செய்யலாகாது, மருத்துவரை அழைக்க வேண்டும்" என்பதுதானே? பயிற்சி எல்லையை அழிப்பதன்று, எல்லையைக் காட்டுவது.

"அரசிடம் பணம் எங்கே?" என்பது மூன்றாவது. நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலே சான்றிதழ், பட்டயம், பட்டம் என்ற மூன்று படியிலும் துணை மருத்துவப் படிப்புகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன; கட்டணமும் தனியாரோடு ஒப்பிடக் குறைவே. கட்டடம் உண்டு, கட்டில் உண்டு, கற்பிக்க வல்லாரும் உண்டு, நோயாளியோ நாள்தோறும் வரிசையிலே நிற்கிறார். இல்லாதது போதிய இடங்களும், அவை பற்றிய செய்தி சிற்றூருக்குப் போய்ச் சேரும் வழியுமே. வணிகரின் சுவரொட்டி போய்ச் சேரும் குக்கிராமத்துக்கு அரசின் அறிவிப்பு போய்ச் சேரவில்லை என்றால், அந்த வெட்கம் யாருக்கு?

எனவே நாம் கேட்பவை இவை.

ஒன்று: மாவட்ட மருத்துவமனைதோறும் அரசே உதவியாளர் பயிற்சிப் பள்ளி நடத்துக, பயில்வோருக்கு மாதந்தோறும் உதவித் தொகை தருக. பயிற்சிக் காலத்திலேயே அவர்கள் பணியும் செய்கிறார்கள். கூலியின்றிக் கை வாங்குதல் அறமன்று.

இரண்டு: பாடமும் தேர்வும் தமிழிலே அமைக. மருந்தின் பெயரும் கருவியின் பெயரும் ஆங்கிலத்திலே இருப்பினும் அறிந்துகொள்ளட்டும். அவற்றின் விளக்கம் தாய்மொழியிலே நெஞ்சில் பதியட்டும். நோயாளி பேசுவது தமிழ். அவருக்கு மறுமொழி சொல்லப் போகும் பெண்ணும் தமிழிலேயே கற்பதில் என்ன குறை?

மூன்று: அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகந்தோறும், பள்ளிதோறும், தேர்வு முடிவு வரும் முன்னரே ஒட்டுக. பட்டியலில் இல்லாதவர் 'அரசு அங்கீகாரம்' என்று விளம்பரம் செய்தால் வழக்குத் தொடுக்க; வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரச் செய்க.

நான்கு: சான்று பெற்றவருக்கு அதற்குரிய குறைந்த அளவு ஊதியம் வரையறுக்க. சான்று இல்லாதவரைக் கொண்டு வேலை வாங்கினால் கூலி மிச்சம் என்ற நிலை இருக்கும் வரை, எந்த முதலாளி சான்றைத் தேடுவார்?

ஐந்து: ஏணி அமைக்க. உதவியாளராய் நுழைந்தவர், திறமை காட்டினால், பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் ஏற வழி வேண்டும். 1835இல் நம்மவரை டிரெஸ்ஸர் என்ற படியிலேயே நிறுத்தி வைத்த அநீதியை, குடியரசு ஆண்டுகள் பல கடந்த பின்னும் வேறு பெயரிலே தொடர்வோமா?

இனி உங்கள் கடமைக்கு வருகிறோம், தோழர்களே! கோரிக்கையை ஏட்டிலே எழுதிவிட்டு அமைச்சரகத்தின் வாயிலைப் பார்த்துக் காத்திருப்பது மட்டும் நம் வேலையன்று. உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் அழையுங்கள். பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இந்தப் படிப்பை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகமோ, கவுன்சிலோ, அரசுத் துறையோ எது? அதன் ஆணை எண் என்ன? மொத்தம் எத்தனை மணி நேரம்? அதிலே மருத்துவமனையிலே நோயாளிகளிடையே எத்தனை மணி நேரம்? அந்த மருத்துவமனை எது? தேர்வு வைப்பவர் யார், கற்பித்தவரேயா, வேறொருவரா? சென்ற ஆண்டு பயின்றவர் இன்று எங்கே பணி செய்கிறார்? நடுவிலே நின்றால் கட்டணம் திரும்புமா? இவற்றுக்கு எழுத்திலே விடை கேளுங்கள். உண்மையான பள்ளி உவகையோடு விடை தரும். போலியோ, "உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் கொள்ளும். அந்தக் கோபமே போதிய விடை!

கல்லூரிப் படிப்புப் பெற்ற தோழர்கள், மருத்துவக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் துணை மருத்துவப் படிப்புகளின் அறிவிப்பைத் தேடி எடுத்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, கடைசி நாள் தவறாமல் அனுப்பி வையுங்கள். ஒரு கிளை ஒரு ஆண்டிலே இரண்டே பெண்களை அரசுப் பயிற்சியிலே சேர்த்தாலும், இரண்டு தாயரின் கம்மல் அடகுக் கடைக்குப் போகாமல் காத்தவர் ஆவீர்கள். ஏமாந்தவர் எவரேனும் இருந்தால் எள்ளாதீர்கள். அவர் கையிலே உள்ள பற்றுச்சீட்டையும் விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்தி, மாவட்ட ஆட்சியரிடமும் நுகர்வோர் ஆணையத்திடமும் அழைத்துச் செல்லுங்கள்.

பணி சிறிது எனக் கருத வேண்டா. நம் தாய் நோயுற்று மருத்துவமனைக்குப் போகும் நாளிலே, அவள் கைநரம்பைத் தேடும் விரல் பெரிய பேராசிரியரின் விரலாக இராது. ஏதோ ஒரு குடிசையிலே பிறந்த பெண்ணின் விரலாகவே இருக்கும். அந்த விரல் நடுங்காமல் இருக்க வேண்டுமானால் அவளுக்குக் கல்வி வேண்டும். அவள் வயிறு வாடாமல் இருக்க வேண்டுமானால் உரிய கூலி வேண்டும். அவள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், வாங்கிய சான்று மெய்யானதாக இருக்க வேண்டும். இம்மூன்றையும் அவளுக்குப் பெற்றுத் தருவோம்! கேட்டுத் தராவிடில், கிளர்ச்சி செய்தேனும் பெற்றுத் தருவோம்!